எழுத்தைத் தின்ற கொப்பி

எழுதிய கொப்பியை வாசிக்க ஆள் இல்லாத ஊரில், எழுத்தில்லாத கொப்பியைப் பார்க்க வரிசை நின்றது. லண்டன் டூட்டிங்கில். ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு. மழைக்குள்.

"அக்கா, இதுதானே வரிசை?"

"இது வரிசையின்ரை வால். தலை அங்காலை பாமசியடியிலை நிக்குது."

"போன முறை உங்களுக்கு ஏதும் நடந்ததோ?"

"நடந்ததோவோ? ரெண்டு பக்கம் நிறைய எழுதிக் குடுத்தன். திரும்பி வரேக்கை ஒரு எழுத்தில்லை. பளிச்செண்டு வெள்ளை. கோப்பை கழுவுற மெசின்கூட அப்பிடிக் கழுவாது."

"அப்ப எழுதின பிரச்சினை?"

"பிரச்சினை இருக்குத்தான். ஆனா எழுத்துப் போயிட்டுதே!"

இப்படி விளக்கம் சொன்னவள் சுலோச்சனா. பக்கத்தில் குடையோடு நின்றவர் அவளுடைய மாமியார் வசந்தமலர். ஒரே வீடு, ஒரே குடை, ஆனால் தனித்தனிக் கொப்பி. ஒருவர் கொப்பியை மற்றவர் பார்க்கக் கூடாது என்பது மௌனஜீயின் கட்டளை. வேறு எதில் ஒத்துப்போகாவிட்டாலும், இந்தக் கட்டளையை மட்டும் மாமியும் மருமகளும் மனப்பூர்வமாகக் கடைப்பிடித்தார்கள்.

மௌனஜீ யார் என்று கேட்கிறீர்களா? மூன்று வருடத்துக்கு முன்பு அவர் பெயர் றொஷான். அதே தெருவில் போன் கடை வைத்திருந்தார். உடைந்த கண்ணாடி மாற்றினார், உறை விற்றார், மாதக் கட்டணத்தில் புதுப் போன் கொடுத்தார். ஊரில் எல்லோருக்கும் போன் விற்று முடிந்தது. இனி என்ன விற்பது? போனிலிருந்து விடுதலையை விற்கலாம் என்று தோன்றியது. வாடிக்கையாளர்கள் அதே ஆட்கள்தான். விலாசம்கூடக் கையில் இருந்தது.

கடைக்காரராக இருந்தபோது "வாங்கோ அண்ணை" என்றவர், ஜீ ஆனதும் "வாருங்கள் அன்பரே" என்றார். சாவகச்சேரியில் பிறந்த நாக்கு சென்னைத் தொலைக்காட்சியில் மறுபிறவி எடுத்திருந்தது. பெயர் மௌனஜீ. மௌனத்தின் பெருமையைப் பற்றி இரண்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பேசுவார்.

அவர் கண்டுபிடித்த நோயின் பெயர் திரைத் தோஷம். நித்திரை வரவில்லையா? திரைத் தோஷம். பிள்ளை முகம் கொடுத்துக் கதைக்கவில்லையா? திரைத் தோஷம். ஒரு காலத்தில் பாட்டெழுதினேன், இப்போது ஒரு வரியும் வரவில்லை என்கிறீர்களா? அது முற்றிய தோஷம்.

மண்டப வாசலில் சோறு வடிக்கிற பெரிய கிடாரம் ஒன்று. அதற்குள் இருபது கிலோ அரிசி. உள்ளே போகிறவர்கள் போனை அரிசிக்குள் புதைத்துவிட்டுப் போக வேண்டும். தண்ணீருக்குள் விழுந்த போனை அரிசிக்குள் வைப்பது நம் வீடுகளில் எல்லோரும் செய்கிற வைத்தியம். "ஈரத்தை இழுக்கிற அரிசி தோஷத்தை இழுக்காதா?" என்று கேட்டார் மௌனஜீ. நியாயம்தானே என்றது சபை. அந்த அரிசி பிறகு என்னவாகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் பொங்கல் மட்டும் நன்றாக இருந்தது.

உள்ளே போனதும் ஒரு வெள்ளைக் கொப்பியும் ஒரு அருட்பேனையும் வாங்க வேண்டும். பேனையின் பின்பக்கம் தங்கத்தாள் சுற்றியிருக்கும். மனதில் கிடப்பதை எழுத வேண்டும். கொப்பியின் மேல் பெயர் எழுத வேண்டும், அருள் விலாசம் மாறிப் போகக் கூடாதல்லவா? பிறகு சிவப்புப் பட்டு விரித்த பீடத்தில் கொப்பியை வைக்க வேண்டும். பீடத்தைத் தொட்டால் சுடும். "சக்தி" என்று பக்தர்கள் கையைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு பஜனை, ஒரு பிரசங்கம். கொப்பியைத் திறந்தால் வெள்ளை!

கொப்பிகள் ஒரு வாரம் மௌனஜீயிடமே மௌன உறக்கத்தில் இருக்கும். அடுத்த ஞாயிறு அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்: "உங்கள் வீட்டில் ஒருவர் வேலையை விட்டதை உங்களுக்குச் சொல்லவில்லை, அல்லவா?" கொப்பிக்காரி அந்த இடத்திலேயே அழுவாள். அழிந்துபோன எழுத்தை வாசிக்கிற மனிதர்! பிள்ளைகளுக்கு மட்டும் மண்டபத்தில் அனுமதி இல்லை. திரைத் தோஷம் பிள்ளைகளிலிருந்துதான் தொற்றுகிறதாம். இதன் உண்மையான காரணம் கடைசியில் வரும்.

மறுநாள் திங்கட்கிழமை. அப்பர் டூட்டிங் றோட்டில் மிதுலனின் மீன்கடை. அங்கே மீன் வெட்டுகிறவள் டொலறஸ். மன்னார்க்காரி, ஐம்பத்தெட்டு வயது, கையில் கத்தி, காதில் ஒரு போல்பொயின்ற் பேனை, ஏப்ரன் பையில் நாலாய் மடித்த பள்ளிக்கூடக் கொப்பி. கடைக்கு வருகிறவர்கள் கதைப்பதில் நல்லதாக ஒன்று காதில் விழுந்தால் கையைத் துடைத்துவிட்டு எழுதி வைப்பாள். ஐந்து வருடமாக எழுதுகிறாள். இருபத்தொரு கொப்பி. எல்லாவற்றிலும் மீன் மணம்.

"போனிலை எழுதலாமே டொலறஸ்?" என்று ஒருமுறை மிதுலன் கேட்டான்.

"போனிலை எழுதினால் ரெண்டாவது வரியிலை ஆரோ கலியாண வீட்டு வீடியோ அனுப்புவினம். கொப்பிக்கு ஒருத்தரும் வீடியோ அனுப்பேலாது." அவ்வளவுதான் அவளுடைய தத்துவம். இதற்குப் பட்டு விரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அன்று கனகாம்பிகை வந்தாள். முகம் வாடியிருந்தது.

"அறக்குளாவோ, விளைமீனோ கனகக்கா?"

"ஏதோ ஒண்டை வெட்டும். வீட்டிலை சாப்பிடுற நிலையிலை ஒருத்தரும் இல்லை."

"ஏன், யோகண்ணைக்கு ஏதும் சுகமில்லையோ?"

"அவருக்கு ஒண்டுமில்லை. நல்ல சந்தோஷமா இருக்கிறார். அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

யோகலிங்கம் அவளுடைய கணவர். இருபத்தாறு வருடம் லண்டனில் சிவப்பு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓட்டிய காலத்தில், இடைவேளைகளில், டிப்போ தேநீர் மேசையில் ஒரு நாடகம் எழுதினார். பெயர் 'கடைசித் தரிப்பு'. ஒன்பது கொப்பிகள். விம்பிள்டனில் ஒரு நாடகக் குழு அதை மேடையேற்றுவதாகச் சொல்லியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அவரிடம் "எழுதினதைத் தாருங்கோ" என்று கேட்டிருந்தார்.

"குடுக்கிறதுக்கென்ன?" என்றாள் டொலறஸ்.

"என்னத்தைக் குடுக்கிறது? மௌனஜீ சொன்னாராம், பழைய தாளிலை பழைய தோஷம் இருக்காம், அருட்பேனையாலை புதுக்கொப்பியிலை எழுதட்டாம். ரெண்டு மாசமாக் குனிஞ்ச தலை நிமிராமல் எழுதினார். எழுதி முடிய அந்த ஒன்பது கொப்பியையும் கொண்டுபோய்ப் பழந்தாள் போடுற கவுன்சில் றீசைக்கிளிங் பின்னுக்குள்ளை போட்டிட்டார்."

"யேசுவே! புதுக்கொப்பி?"

"மூண்டு ஞாயிறு பீடத்திலை வைச்சவை. இப்ப அதிலை ஒரு புள்ளியும் இல்லை. பிரபஞ்சம் திருத்திக்கொண்டிருக்காம். தகுதி வரேக்கை திரும்பி வருமாம்."

"போட்டோ எடுத்து வைக்கேல்லையோ?"

"போனாலையோ? தோஷமெல்லே!" கனகாம்பிகை பையைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள். "அடுத்த புதன்கிழமைக்கிடையிலை பிரதி வேணுமாம். இல்லாட்டி வேறை நாடகம் போடப்போகினமாம். இந்தாளுக்கு எழுபத்திமூண்டு வயசு டொலறஸ். இனி எப்ப எழுதுறது?"

டொலறஸ் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அதைவிடப் பகிடி கேளும்," என்று கனகாம்பிகை தொடர்ந்தாள். "நேற்றுப் பிரசங்கத்திலை மௌனஜீ ஒரு வசனம் சொன்னார். வெள்ளைத் தாளிலையிருந்து தனக்குக் கேட்டதாம். 'எல்லோரும் இறங்கிய பிறகுதான் வண்டியில் எவ்வளவு இடம் இருந்தது என்று தெரியும்.' சனம் அப்பிடியே உருகிப்போச்சு. அது இவரின்ரை நாடகத்திலை வாற வசனம்! நான் இடிச்சுச் சொல்லுறன், 'உங்கடையெல்லே' எண்டு. இவர் கண்ணீர் விட்டு அழுகிறார். 'பாத்தீரே, என்ரை எழுத்து மை இல்லாமலே குருவிட்டைப் போய்ச் சேந்திட்டுது' எண்டு!"

களவு கொடுத்தவன் கள்ளனுக்குப் பூ வைப்பதை இந்த உலகம் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறது. ஆனால் இவ்வளவு ஆனந்தக் கண்ணீரோடு பார்த்திருக்காது.

போகும்போது கனகாம்பிகை பையிலிருந்து ஒரு வெள்ளைக் கொப்பியையும் ஒரு அருட்பேனையையும் எடுத்து வைத்தாள். "எனக்கெண்டு வாங்கித் தந்தவர். எனக்கு உதைப் பாக்கவே விருப்பமில்லை. நீர் எழுதுற ஆள், வைச்சிரும்."

செவ்வாய்க்கிழமை காலை, டொலறஸ் அந்தப் பேனையால் அந்தக் கொப்பியில் மீன் ஓடர் எழுதினாள். பாரை இரண்டு பெட்டி, கணவாய் ஒன்று, சூடை மூன்று. கொப்பியின் மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு ஒரு வாடிக்கையாளருக்கு இறால் உடைத்துக் கொடுத்தாள். திரும்பி வந்து கோப்பையைத் தூக்கினாள்.

கோப்பை இருந்த இடத்தில் வட்டமாக ஒரு வெள்ளை. கணவாயைக் காணவில்லை. பாரை பாதி.

"மிதுலன், இஞ்சை ஒருக்கா வாரும்! என்ரை தேத்தண்ணிக்கும் அருள் வந்திட்டுது!"

மிதுலன் மௌனஜீயின் பக்தன். அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். டொலறஸ் கன்னத்தில் போடவில்லை. பேனையின் பின்பக்கத் தங்கத்தாளை நகத்தால் உரித்தாள். உள்ளே ஒரு றப்பர் முளை. தாளில் உரசிப் பார்த்தாள். உரசிய இடத்தில் சூடு. சூடான இடத்தில் எழுத்து இல்லை.

"சூட்டுக்குப் போறது," என்று தனக்குள் சொன்னாள், "குளிருக்கு என்ன செய்யும்?"

கொப்பியைக் கொண்டுபோய் மீன் உறைய வைக்கும் குளிரறைக்குள் வைத்தாள். எத்தனையோ திங்களாகக் கண்டும் கவனிக்காத ஒரு பெட்டி அப்போதுதான் கண்ணை உறுத்தியது. அறக்குளாவுக்கும் இறாலுக்கும் நடுவே, மூடி ஒட்டிய பெரிய பிளாஸ்ரிக் பெட்டி. மேலே 'அருட்பெட்டி. திறக்கக் கூடாது.'

"உது என்ன மிதுலன்?"

"அது மௌனஜீயின்ரை. ஒவ்வொரு திங்களும் கொண்டுவந்து வைப்பார், புதன்கிழமை எடுப்பார். ஆக்களின்ரை கொப்பியள். மௌன உறக்கம்."

"உறக்கத்துக்கு ஏன் குளிரறை?"

"குளிர்ச்சியான இடம் வேணுமாம்."

"கொப்பி என்ன கணவாயோ, பழுதாப் போக?"

மூன்று வருடமாக அந்தக் கேள்வி அதே குளிரறைக்குள் உறைந்து கிடந்தது. கேட்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

மத்தியானம் டொலறஸ் கொப்பியை வெளியே எடுத்தாள். கணவாய் திரும்பி வந்திருந்தது. கொஞ்சம் மங்கல், ஆனால் கணவாய்தான்.

அன்று பின்னேரமே யோகலிங்கத்தின் வீட்டுக்குப் போனாள். கொப்பியைக் காட்டினாள். தேத்தண்ணியைக் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள். யோகலிங்கம் பொறுமையாகக் கேட்டார்.

"பிள்ளை, அது உம்மடை மீன் ஓடர். மீன் குளிரிலை இருக்கிறதுதானே, அது வரும். என்ரை நாடகம் பிரபஞ்சத்துக்கெல்லே போயிருக்கு."

"அண்ணை, ரெண்டும் ஒரே பேனை!"

"எழுதுற ஆளின்ரை பக்குவம் எண்டு ஒண்டு இருக்குத்தானே."

"சரி, உங்கடை கொப்பி எங்கை?"

"குருவிட்டை. ஒவ்வொரு ஞாயிறும் பீடத்தின்ரை நடுவிலை வைச்சிருப்பார். இருநூறு பக்கமும் வெள்ளையாப்போன கொப்பி வேறை ஒருத்தரிட்டையும் இல்லையாம்." அவர் முகத்தில் பெருமை.

டொலறஸ் எழும்பினாள். "கனகக்கா, வாற ஞாயிறு நானும் தியானத்துக்கு வாறன். நீங்கள் ரெண்டு பக்கெற் உப்பு வாங்கி வையுங்கோ."

"உப்பு ஏன்?"

"ஐஸிலை உப்புப் போட்டால் குளிர் இன்னும் இறங்கும். மீன்காறிக்குத் தெரிஞ்ச மந்திரம் அது ஒண்டுதான்."

ஞாயிற்றுக்கிழமை அறுபது பேர். டொலறஸ் மீன் வரும், ஐஸ் உருகாத வெள்ளை றெஜிபோம் பெட்டியோடு வந்தாள். பெட்டிக்குள் நொறுக்கிய ஐஸ். வாசலில் நின்ற தொண்டர் மூக்கைப் பொத்தினார்.

"என்னக்கா இது?"

"நைவேத்தியம் தம்பி."

போனை அரிசிக்குள் புதைத்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். எல்லோரும் எழுதினார்கள். அவளும் எழுதினாள். ஒரே பக்கத்தில் அருட்பேனையால் ஒரு வரி, அதற்குக் கீழே காதிலிருந்த போல்பொயின்ற் பேனையால் ஒரு வரி. பீடத்தில் வைத்தாள். பஜனை, பிரசங்கம். திறந்தாள். மேல்வரி இல்லை. கீழ்வரி அசையாமல் கிடந்தது.

"ஜீ, ஒரு சந்தேகம். என்ரை பேனையாலை எழுதினது ஏன் போகேல்லை?"

மௌனஜீ புன்னகைத்தார். "அம்மா, மீனைத் தொட்ட பேனையை அருள் தொடுமா?"

சபை கொல்லென்று சிரித்தது. முதல் சுற்றில் வெற்றி மௌனஜீக்குத்தான். கேள்விக்குப் பதில் வேண்டாம், ஒரு சிரிப்பு வந்தால் போதும் என்கிற சபையில் கேள்வி கேட்டவர்தான் தோற்பார். சுலோச்சனா மாமியைப் பார்த்துச் சிரித்தாள். மாமியும் சிரித்தார். இருவரும் சேர்ந்து சிரித்து மூன்று வருடமாகியிருந்தது.

டொலறஸ் உட்காரவில்லை.

"சரி ஜீ, என்ரை பேனை ஊத்தை. யோகண்ணை உங்கடை பேனையாலைதானே எழுதினவர்? அந்த எழுத்து இனித் திரும்பி வருமோ?"

"வரும். எனக்குள் வரும். தாளில் வராது. பிரபஞ்சத்தில் கரைந்ததைத் தாளில் கொண்டுவர மனிதரால் இயலாது."

"ஆராலையும்?"

"எவராலும்."

"அப்ப நான் அந்தக் கொப்பியை அரை மணித்தியாலம் என்ரை பெட்டிக்குள்ளை வைச்சாலும் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லைத்தானே?"

மௌனஜீயின் பார்வை வெள்ளைப் பெட்டியில் விழுந்தது. அதன் மூடி இடுக்கில் குளிர்ப்புகை. புன்னகை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது, அதற்குப் பின்னால் இருந்தவர் போய்விட்டார்.

"அது... புனிதமான கொப்பி. மீன் பெட்டிக்குள்..."

"அது என்ரை மனிசன்ரை கொப்பி!"

கனகாம்பிகை எழும்பிவிட்டாள். பீடத்துக்குப் போனாள், கொப்பியை எடுத்தாள், பிளாஸ்ரிக் பையில் சுற்றி ஐஸுக்குள் புதைத்தாள், இரண்டு பக்கெற் உப்பையும் கொட்டினாள், மூடினாள். மூடியின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"இஞ்சாரும் கனகம், சபையிலை..." என்றார் யோகலிங்கம்.

"நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ. மௌனம் நல்லதாமெல்லே!"

அரை மணி நேரம். மௌனஜீயின் மண்டபத்தில் முதல் தடவையாக உண்மையான மௌனம். அந்த மௌனத்தில் எங்கேயோ 'விர்ர், விர்ர்' என்று ஒரு சத்தம்.

"அது என்ன?"

"குருவின் உள்நாதம்," என்றார் ஒரு பக்தர், கண்ணை மூடியபடி.

"உள்நாதம் இடுப்பிலையிருந்தோ வாறது?" என்றார் வசந்தமலர் மாமி. அவருக்குக் காது கூர்மை. மருமகளைக் கேட்டால் தெரியும்.

மௌனஜீ பட்டுச் சால்வையை இழுத்து மூடினார். மூடிய சால்வைக்குள்ளிருந்து ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. மூன்று வருடமாகத் திரையைத் தீண்டாதவரின் இடுப்பில் போன்!

கனகாம்பிகை எழும்பினாள். டொலறஸ் மூடியைத் திறந்து கொப்பியை எடுத்து, துணியால் துடைத்து, அவளிடமே கொடுத்தாள்.

முதல் தாள். மங்கலாக, ஆனால் வரிவரியாக, பஸ் சாரதியின் சரிந்த கையெழுத்து. கனகாம்பிகை உரக்க வாசித்தாள்.

"'காட்சி ஒன்று. பஸ் தரிப்பிடம். காலை. சாரதி தனிய நிற்கிறான். சாரதி: எல்லாரும் இறங்கின பிறகுதான் பஸ்ஸிலை எவ்வளவு இடம் இருந்தது எண்டு தெரியும்...'"

போன ஞாயிறு உருகிய அறுபது பேரும் அதே வசனத்தை இப்போது கேட்டார்கள். இந்த முறை உருகவில்லை. தலையைத் திருப்பி மௌனஜீயைப் பார்த்தார்கள்.

யோகலிங்கம் எழும்பி வந்தார். கொப்பியை வாங்கினார். தாளை முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்தார். "என்ரை 'சா'," என்றார். "என்ரை 'சா' இது. வால் நீளும்."

டொலறஸ் பீடத்துக்குப் போய் சிவப்புப் பட்டை இழுத்தாள். கீழே, கலியாண வீடுகளில் சோறு கறி சூடாக இருக்க வைக்கிற நீளமான மின்சார ஹொட் பிளேட். வயர் பின்னால் போய்ச் சுவரில் செருகியிருந்தது.

"இதுதான் சக்தி. இதுக்கு மேலை நீங்கள் புட்டு வைச்சாலும் சூடாகும்." தங்கத்தாள் உரித்த பேனையைத் தூக்கிக் காட்டினாள். "இது பிள்ளையள் பிழையா எழுதினால் அழிக்கிற பேனை. சூட்டிலை அழியும், கடுங்குளிரிலை திரும்பும். உங்கடை வீட்டிலை பள்ளிக்கூடம் போற எந்தப் பிள்ளையும் முதல் ஞாயிறே சொல்லியிருக்கும். ஏன் பிள்ளையளை உள்ளை விடேல்லை எண்டு இப்ப விளங்குதோ?"

மிதுலன் கடைசி வரிசையில் எழும்பி நின்றான். முகம் சிவந்திருந்தது. "திங்கள் என்ரை குளிரறையிலை வைச்சு, புதன் எடுத்துக்கொண்டு போய், எல்லாற்றையும் வாசிச்சு, திரும்பச் சூட்டிலை அழிச்சுப்போட்டே குறி சொன்னனீர்?"

அப்போதுதான் சபைக்கு முழுக்கணக்கும் விளங்கியது. எழுத்து திரும்பி வரும். எழுதியது முழுவதும் திரும்பி வரும். பிறகு பீடத்தை நோக்கி ஒரே பாய்ச்சல். நல்லதை எழுதியவர்கள் டொலறஸின் ஐஸ் பெட்டியைத் தேடினார்கள். மற்றவர்கள் சுவரிலிருந்த ஹீற்றரைத் தேடினார்கள். ஹீற்றர்ப் பக்கம்தான் கூட்டம் கூட. அங்கே முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் சுலோச்சனாவும் வசந்தமலர் மாமியும். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், அவரவர் கொப்பியைச் சூட்டில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"பொலிசுக்கு அடியுங்கோ!" என்று யாரோ கத்தினார்கள்.

அடிக்கலாம். போன் எல்லாம் அரிசிக்குள். அறுபது பேர் ஒரு கிடாரத்துக்குள் கை விட்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மண்டபம் முழுவதும் அட்சதை. வந்த கைக்கு வந்த போன்.

இந்தச் சந்தடியில் மௌனஜீ சமையலறைப் பக்கக் கதவால் நழுவினார். அங்கே மிதுலன் நின்றான். அந்த இடத்தில்தான் சென்னைத் தொலைக்காட்சி நின்றுபோய், சாவகச்சேரி திரும்பி வந்தது.

"அண்ணை, விடுங்கோ அண்ணை. காரை நிப்பாட்டக்கூடாத டபுள் யெலோக் கோட்டிலை விட்டிட்டு வந்தனான்."

"போனைத் தாரும் றொஷான்."

போனுக்குள் எல்லோருடைய பக்கங்களும் படமாக இருந்தன. பெயர் வாரியாக, ஒழுங்காக. கடைக்காரப் பழக்கம் போகவில்லை. எல்லோருக்கும் முன்னால் அவரையே ஒவ்வொன்றாக அழிக்க வைத்தார்கள். யோகலிங்கத்தின் நாடகம் மட்டும் நூற்றுத் தொண்ணூற்றாறு படம். பக்கத்தில் ஒரு குறிப்பு: 'மௌனஜீ அருளிய நாடகம், அச்சுக்கு'. அதை மட்டும் அழிக்கவில்லை. கனகாம்பிகையின் போனுக்கு அனுப்பிய பிறகுதான் விட்டார்கள்.

பொலிசுக்கு ஒருவரும் போகவில்லை. போனால் கொப்பியைக் காட்ட வேண்டுமே! இப்படிப்பட்டவர்கள் நம்மிடையே நீண்ட காலம் நன்றாக வாழ்வதற்கு நம்முடைய முட்டாள்தனம் பாதிக் காரணம். நம்முடைய வெட்கம் மற்றப் பாதி.

படம் கையில் இருந்தும் யோகலிங்கம் நாடகத்தைத் தன் கையால் பிரதி எடுப்பதென்று பிடிவாதமாக நின்றார். மூன்று நாள். எங்கே தெரியுமா? மிதுலனின் குளிரறைக்குள். பஸ் கொம்பனி தந்த தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு, அறக்குளாவுக்கு நடுவே ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, டொலறஸின் போல்பொயின்ற் பேனையால் எழுதினார். அந்தப் பேனையும் குளிரில் அடிக்கடி மக்கர் பண்ணியது. அதை வாயால் ஊதி ஊதி எழுதினார்.

"அண்ணை, வெளியிலை இருந்து எழுதுங்கோ. கொதிக்கிற சூடு பட்டால்தான் அது போகும். இதுக்குள்ளை இருந்தால் நீங்கள்தான் போவியள்."

"ஒருக்காப் போனது பிள்ளை. எனக்கு நம்பிக்கை இல்லை."

"மூண்டு மாசம் அவனை நம்பின நம்பிக்கையிலை கால்வாசியை இதிலை வையுங்கோவன்!"

புதன்கிழமை பின்னேரம் பிரதி விம்பிள்டனுக்குப் போனது. கனகாம்பிகை கையோடு கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்தும் வாங்கினாள். எந்தப் பேனையால் போடுகிறார்கள் என்று பார்த்துத்தான் வாங்கினாள்.

இத்தோடு கதை முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் நம் ஆட்களை உங்களுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலை டொலறஸ் கடை திறக்க வந்தபோது, அந்த வெள்ளை ஐஸ் பெட்டிக்கு யாரோ மாலை போட்டிருந்தார்கள். செவ்வந்தி. பக்கத்தில் இரண்டு வாழைப்பழம், ஒரு ஊதுபத்தி. கடைவாசலில் ஆறேழு பேர். முன்னால் சுலோச்சனா, கையில் ஒரு புதுக்கொப்பி.

"டொலறஸக்கா, உங்கடை பெட்டிக்கு நல்ல சக்தியாம். இதை ஒரு கிழமை அதுக்குள்ளை வைச்சால் ஏதும் நடக்குமோ?"

"நடக்கும்."

"மெய்யாவோ? என்ன நடக்கும்?"

"மீன் மணக்கும்."

டொலறஸ் மாலையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். ஊதுபத்தியை அணைத்தாள். வாழைப்பழத்தில் ஒன்றை மிதுலனிடம் கொடுத்து, மற்றதைத் தானே உரித்தாள். பிறகு காதிலிருந்த பேனையை எடுத்து சுலோச்சனாவிடம் நீட்டினாள்.

"இந்தா பிள்ளை. கொப்பியிலை ஒரு அதிசயமும் இல்லை. எழுதினது எழுதின இடத்திலை கிடக்கும், அவ்வளவுதான். பிறகு நீயே எடுத்து வாசிச்சு, இதை ஏன் நம்பினனான் எண்டு உன்னையே கேக்கலாம். முதல் பக்கத்திலை அந்தக் கேள்வியை எழுது. மற்றப் பக்கங்கள் தானா நிரம்பும்."